கஞ்சி ஹவுஸ் கைதியும் நீல நிலாப் பிழையும்: தெரியுமா உங்களுக்கு?

படவேடும் உருதும் ஒரே பெயர்தான், தெரியுமா?

ஒன்று ஊர், இன்னொன்று மொழி. என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில், ரேணுகாம்பாள் குடிகொண்டிருக்கும் இந்த ஊர் ஒருகாலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். படை தங்கிய இடம் படைவீடு. வாயில் தேய்ந்து தேய்ந்து படவேடு. துருக்கிய மொழியில் படைவீட்டுக்கு 'ஓர்து' என்று பெயர். அரசப் பாசறையின் மொழி என்ற நீளமான பட்டம் சுருங்கிச் சுருங்கித்தான் 'உருது' ஆயிற்று. அதே 'ஓர்து' மேற்கே போய், போலந்துக்காரர்கள் வாயில் முன்னால் ஒரு 'ஹ' ஒட்டிக்கொண்டு, ஆங்கிலத்துக்குள் 'ஹோர்ட்' என்று நுழைந்தது. பெருங்கூட்டம் என்று பொருள். ஆடி வெள்ளிக்குப் படவேட்டில் வந்து இறங்கும் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஹோர்ட்ஸ்' என்று எழுதிப் பாருங்கள். படைவீட்டுக்குள் படைவீடு புகுந்த கதையாகிவிடும்!

படவேட்டுப் பக்கமிருந்து காலை பஸ் பிடித்து வேலூருக்கும் ஆரணிக்கும் ஆங்கிலம் படிக்கப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இலக்கணம் கைவந்துவிட்டது, பேப்பர் படித்தால் புரிகிறது, ஆனால் மரபுத்தொடர் என்று வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்கிற கட்டத்தில் இருப்பவர்கள் அவர்கள். இடியம்ஸ் கைடு வாங்கி வரிசையாக மனப்பாடம் செய்து, வரிசையாகவே மறந்தும் போனவர்கள். கைடு போடுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள்: இந்தத் தொடர்களில் சில, யாரோ எதையோ தப்பாகக் காதில் வாங்கியதால் பிறந்தவை.

நம்பவில்லையா? தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்த ஏ.சி. பர்னல் என்ற வெள்ளைக்காரரைக் கேளுங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே பர்னல், ஹென்றி யூல் என்பவரோடு கடிதம் வழியாகவே கூட்டுச் சேர்ந்து, இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புரண்ட சொற்களையெல்லாம் தொகுத்தார். 1882ல் பர்னல் இறந்துவிட, யூல் வேலையை முடித்து 1886ல் வெளியிட்டார். அகராதியின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. யார் இந்த ஹாப்சன், யார் அந்த ஜாப்சன்? யாரும் இல்லை! மொஹரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு 'யா ஹசன், யா ஹுசைன்' என்று அழுதது வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த லட்சணம் அது. அந்நியச் சொல்லைத் தன் மொழிச் சொல் போல வளைத்துக்கொள்வதற்கு மொழியியலில் இன்றும் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே பெயர் வழங்குகிறது.

அந்த அகராதியைத் திறந்தால் நம் வீட்டு வாசனை அடிக்கும். ராணுவ முகாமில் தப்புச் செய்த சிப்பாயைப் பூட்டிவைக்கும் அறைக்குப் பெயர் 'கஞ்சி ஹவுஸ்', தெரியுமா? உள்ளே போனவனுக்குக் கஞ்சிதான் சாப்பாடு, அதனால் அந்தப் பெயர். மெட்ராஸ் மாகாணத்து அதிகாரிகளுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயர் இன்னும் ஜோர்: 'மல்ஸ்'. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று, அதை ஓயாமல் குடித்தவர்கள் 'மல்'கள் ஆனார்கள். பம்பாய்க்காரர்கள் 'டக்ஸ்'. வாத்து இல்லை, பம்பாய் டக் என்ற கருவாடு! வங்காளத்தில் இருந்தவர்கள், வேலைக்காரனை 'கோயீ ஹை?' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே 'க்வி-ஹை'கள்.

லண்டனில் இன்றும் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்ல 'டூலாலி' என்பார்கள். நாசிக் பக்கத்து தேவ்லாலிதான் அது. ஊருக்குத் திரும்பக் கப்பலுக்காக அங்கே முகாமில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த சிப்பாய்களுக்குக் கிறுக்குப் பிடித்ததாம். முழுத்தொடர் 'டூலாலி டாப்'. 'டாப்' என்பது ஜுரத்தைக் குறிக்கும் 'தாப்'. முதலாளியை 'பிக் சீஸ்' என்கிறார்களே, அந்த சீஸ் பாலாடைக் கட்டி இல்லை. பெரும்பாலும் பொருள் என்று அர்த்தம் தரும் உருது 'சீஸ்'தான். சுகமான வேலையை 'குஷி ஜாப்' என்பது நம் குஷி. இப்படிப் பாசறைக்குப் பாசறை போனால் ஒரு புத்தகமே போடலாம்.

ஆனால் உஷார்! எல்லாமே நம் சரக்கு என்று மார்தட்டவும் முடியாது. 'கர்ரி ஃபேவர்' என்றால் காக்கா பிடிப்பது. கறிக்குழம்பு ஊற்றிக் காரியம் சாதிப்பது என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 14ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஃபோவெல் என்று ஒரு கதைக் குதிரை. கபடமே உருவான அந்தக் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடப் பெரிய மனிதர்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். குதிரைக்கு உடம்பு தேய்ப்பது அந்தக்கால ஆங்கிலத்தில் 'கர்ரி'. 'ஃபேவெல்' என்ற குதிரைப் பெயர் ஆங்கிலேயன் காதில் 'ஃபேவர்' என்று விழுந்தது. தீர்ந்தது கதை. ஹாப்சன்-ஜாப்சன் வேலையை அவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே, நாம் அறிமுகமாவதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள்!

'கேஷ்' இரண்டு உண்டு, தெரியுமா? கல்லாப்பெட்டியில் இருக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. கம்பெனிக் காலக் கணக்குகளில் வரும் சின்ன நாணயமான கேஷ் நம் காசு. ஒரே எழுத்து, ஒரே ஒலி, உறவே இல்லை. ஜவ்வாது மலைப் பலாவுக்கு ஆங்கிலத்தில் 'ஜாக்' என்று ஏன் பெயர்? ஜாக் துரை யாரும் நட்டதில்லை. மலையாளச் சக்கை போர்ச்சுகீசியர் வாயில் 'ஜாக்கா' ஆகி அங்கிருந்து போனது. 'ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ்' வேறு ஜாக்.

கட்டுமரம்தான் 'கேட்டமரான்' என்பது எல்லோருக்கும் தெரியும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குச் சண்டைக்காரி என்று ஒரு பொருள் இருந்தது தெரியுமா? முதல் எழுத்துகளில் 'கேட்' ஒளிந்திருக்கிறதே, பூனை போலப் பிறாண்டுகிறவள் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இன்னொரு கூத்து: இன்று உலகம் கேட்டமரான் என்று விற்பது இரண்டு அடிப்பாகம் கொண்ட படகை. நம் மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டியது வேறு ரகம். பெயர் நம்முடையது, வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது.

சரி, இப்போது படவேட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஆற்காட்டுக்கு வாருங்கள். 'நேபாப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, இந்தியாவில் கொள்ளையடித்துச் சீமைக்குத் திரும்பிப் பகட்டுகிற புதுப்பணக்காரன் என்று பொருள். நவாப் என்பதன் சிதைவு. ராபர்ட் கிளைவ் என்ற பெரிய நேபாப் பேர் எடுக்கத் தொடங்கியது இந்த மண்ணில்தான்: 1751ல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகை, கையோடு ஆரணிச் சண்டை. 1772ல் சாமுவேல் ஃபூட் 'தி நேபாப்' என்றே நாடகம் போட்டு லண்டனைச் சிரிக்கவைத்தார். மறு வருடம் பார்லிமென்டில் கேள்வி கேட்டு மடக்கியபோது கிளைவ், தான் இவ்வளவு அடக்கமாக எடுத்துக்கொண்டதை நினைத்தால் தனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்றாராம். என்ன ஒரு அடக்கம்!

பிறகு வந்தது 1785. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஆட்களிடம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கடன்களைப் பற்றி, பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பார்லிமென்டில் பேசினார். இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராதவர், ஹைதர் அலியின் படையெடுப்பில் கர்நாடிக் என்று அன்று அழைக்கப்பட்ட நம் வட்டாரம் எரிந்ததை வர்ணித்த பகுதி, பின்னால் ஆங்கிலப் பேச்சுக்கலைப் பாடநூல்களில் மாதிரியாக ஏறியது. அதாவது நம் ஊர்கள் எரிந்த கதையைப் படித்துத்தான் பல தலைமுறை மாணவர்கள் நல்ல ஆங்கிலம் எது என்று கற்றார்கள். இதைவிடக் கசப்பான வேடிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. அந்த 'நேபாப்' அமெரிக்காவுக்கும் போனது! 1970ல் கலிஃபோர்னியாவில் துணை ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூ, வில்லியம் சஃபையர் எழுதித் தந்த பேச்சில், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர்களை 'நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகடிவிசம்' என்று மோனை போட்டுத் தாக்கினார். ஆற்காடு எங்கே, கலிஃபோர்னியா எங்கே!

ஆங்கில அகராதிகளுக்கே அகராதியான ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கும் நமக்கும் என்ன உறவு, தெரியுமா? வில்லியம் செஸ்டர் மைனர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; சினிமாகூட வந்தது. மனநோய் முற்றி 1872ல் லண்டனில் ஒரு அப்பாவித் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றவர். பிராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தபடியே, அகராதி ஆசிரியர் ஜேம்ஸ் மரேக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள் சீட்டுகளை அனுப்பினார். கடந்த நான்கு நூற்றாண்டுச் சொற்களை மைனரின் சீட்டுகளை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்கிற அளவுக்கு மரே அவரைப் பாராட்டியிருக்கிறார்.

அந்த மைனர் 1834ல் இலங்கையில் பிறந்தவர்! அப்பா ஈஸ்ட்மன் மைனர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் அச்சாளர். 1842ல் 'மானிப்பாய் அகராதி' என்று நாம் சொல்லும் தமிழ் அகராதியை அச்சிட்டது அந்த மிஷன் அச்சகம்தான். தமிழ் அகராதி அச்சேறும்போது எட்டு வயதுப் பையனாக இருந்தவன், கிழவனான பிறகு ஆங்கில அகராதிக்குச் சீட்டு எழுதுகிறான். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மைனர் வேலை செய்த முறை மேல்படிப்பு மாணவர்களுக்கு நேராக உதவும். அவர் அகரவரிசையில் சொல் சேர்க்கவில்லை. ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, கண்ணில் பட்ட சொல்லை எந்தப் பக்கத்தில் எப்படி வந்திருக்கிறது என்று குறித்து, அந்தப் புத்தகத்துக்கே ஒரு சிறு அட்டவணை தயாரிப்பார். அகராதிக்காரர்கள் இந்தச் சொல் வேண்டும் என்று கேட்டதும், வாக்கியத்தோடு எடுத்து அனுப்புவார். சொல்லைத் தனியாகப் பிடுங்கவில்லை. வாக்கியத்தோடு வேர்மண்ணும் சேர்த்து எடுத்தார். ஒரு நாவலும் நாற்பது பக்க நோட்டும் போதும், இதை நீங்களும் செய்யலாம்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்? 'ரன்' என்ற ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 645 பொருள் எண்ணியிருக்கிறார்கள், தலை சுற்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். டாக்காவில் கல்வித் துறையில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட், 1935ல் ஒரு அகராதி கொண்டுவந்தார். சொற்களும் மரபுத்தொடர்களுமாக 24,000 உருப்படிகள். அத்தனைக்கும் விளக்கம் எழுதப் பயன்படுத்திய சொற்கள் வெறும் 1,490! வங்காளத்துப் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த அனுபவத்தில் விளைந்தது அது. நாம் எல்லோரும் புரட்டிய ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியோ பிறந்தது டோக்கியோவில். ஏ.எஸ். ஹார்ன்பி தயாரித்த அது 1942ல், ஜப்பானும் பிரிட்டனும் போரில் மோதிக்கொண்டிருக்கையில், ஜப்பானியப் பதிப்பகத்தில் வெளியானது! 1948ல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது.

ஆனால் 1,490 சொல் விளக்கம் சொல்லத்தான் போதும். நாவலும் நாளிதழும் தடங்கல் இல்லாமல் படிக்க எண்ணாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006ல் கணக்குச் சொன்னார். முதல் இரண்டாயிரம் சொல், பக்கத்துக்குப் பக்கம் வந்து முட்டும். அதற்குமேல் உள்ளவை அபூர்வமாகவே தலைகாட்டும். நன்றாகப் படித்த பிறகும் முன்னேற்றமே தெரியவில்லையே என்ற சலிப்புக்குக் காரணம் மூளை மந்தமல்ல, இந்தக் கணக்குத்தான்.

கற்பிக்கும் முறையிலும் நம் மாகாணம் சளைத்ததில்லை. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பனியே விழாத ஊரில் ஒரு திட்டம் உருண்டது, தெரியுமா? 1959ல் தொடங்கி, 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர நினைத்த திட்டம் அது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு, அந்த மற்றவர்கள் இன்னும் பலருக்கு. அந்தத் திட்டம் பரப்பிய வாக்கிய அமைப்புப் பயிற்சிகள் மட்டும் போதாது என்று 1979ல் கிளம்பினார் என்.எஸ். பிரபு, பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்தவர். இலக்கணம் நடத்தவே வேண்டாம். ரயில் கால அட்டவணையைக் கொடு, வரைபடத்தைக் கொடு, கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்கச் சொல், மொழி தானாக வரும் என்றார். பெங்களூரிலும் சென்னையிலும் அரசுப் பள்ளி மாதிரியான சாதாரண வகுப்புகளில் நடந்த அந்தச் சோதனை, இன்று உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் பாடம். மரபுத்தொடர்களுக்கும் அந்த வழி பலிக்கும் என்பது என் கட்சி.

இனி ஆங்கிலத்தில் ஜெயித்த ஒருவரைப் பாருங்கள். வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869ல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கிலேயரே கொண்டாடிய மனிதர். காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார் அல்லவா? 1940ல் வந்த திருத்திய பதிப்பில், ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மொழியைச் சரிபார்த்தார், பெயர் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டார் என்று தேசாய் எழுதுகிறார். அந்தப் பெயர் சொல்லாத நண்பர் சாஸ்திரிதான்!

தோற்றவர்கள் பட்டியல் இதைவிடச் சுவை. ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்ட பாடம் ஆங்கிலம்! வேறு எதுவுமில்லை, ஆங்கிலம். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும் ஆங்கிலத் தாளில் விழுந்ததால்தான். இங்கே மறுபடியும் நம் மலைக்கு வரவேண்டும். ஜவ்வாது மலையின் மறுபக்கம், காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு வைத்த பெயர்: 4130 ராமானுஜன்.

காவலூர் வந்த கையோடு ஒரு நிலாக் கதை. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிதான் நீல நிலா என்று கூடவே விளக்கமும் தருகிறார்கள். 2026 மே மாதத்தில் 1ஆம் தேதி ஒன்று, 31ஆம் தேதி ஒன்று என்று அப்படி இரண்டு. ஆனால் அந்த விளக்கமே அச்சுப் பிழைக்கு அண்ணன்! 1946ல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் எழுதிய ஜேம்ஸ் ஹ்யூ ப்ரூயெட், பழைய விவசாயப் பஞ்சாங்கம் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டு போட்ட விதி அது. அந்த இதழே 1999ல் தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் உலகம் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது, யார் திருத்துவது?

நிஜமாகவே நிலா நீலமானதும் உண்டு. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்துக் கிளப்பிய தூசியில் பல இடங்களில் அப்படித் தெரிந்தது. அடுத்த மாதம் மெட்ராஸில் சூரியனே பச்சையானது, தெரியுமா? அதைக் கவனித்துப் பதிவுசெய்த கிறிஸ்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித், பிறகு 1899ல் கொடைக்கானல் வானாய்வகத்தைத் தொடங்கிவைத்தவர். கொடைக்கானலில் மேகம் தொந்தரவு செய்ததால் இரவு வானத்துக்கு வேறு இடம் தேடி வந்த வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததுதான் காவலூர். ஆங்கில மரபுத்தொடர் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனால் ஜவ்வாது மலையில் வந்து முட்டுகிறது!

கடைசியாக, போக்குவரத்து இருவழிதான். 'ஐயோ' 2016லும், மூத்தவரைக் கூப்பிடும் 'அண்ணா' 2017லும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குள் ஏறிவிட்டன. கூட்டத்தை முன்தள்ளி வைப்பதற்கு நம் அலுவலகங்கள் வழக்காக்கிய 'ப்ரீபோன்' அங்கே உட்கார்ந்திருக்கிறது. சில சொற்கள் மட்டும் அங்கே செத்துப்போய் இங்கே வாழ்கின்றன. வேல்ஸில் லனெத்லி என்ற ஊர், அங்கே ஸ்டெப்னி தெரு, அந்தத் தெருவில் 1904 வாக்கில் உதிரிச் சக்கரம் செய்து விற்ற கடை. படவேடு பஸ்ஸின் அடியில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி அந்தத் தெருவின் பெயர்தான். பிரிட்டனில் அந்தப் பொருளில் இன்று அது யாருக்கும் புரியாது. லண்டனில் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி ஸ்டெப்னி கிரீன் ஸ்டேஷனில் இறங்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.